மூன்று பெட்டி, ஒரே எடை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாமியாரும் நலமாக வந்து சேர்ந்தோம். எங்கள் மூன்று பெட்டிகளில் இரண்டும் நலமாக வந்து சேர்ந்தன. போன் செய்யாமல் ஏன் கடிதம் என்பீர்கள். போன் என் கையில் இருக்கிறது, சார்ஜர் மூன்றாவது பெட்டியில் இருக்கிறது, மூன்றாவது பெட்டி எங்கே இருக்கிறது என்று விமானக் கம்பெனிக்கே தெரியவில்லை.

போன மாதம் கம்ப்யூட்டரில் ஒரு புதிர் போட்டுக் காட்டினீர்களே, எண்களைக் கொடுத்தால் கூட்டுத்தொகை சமமாக வரும்படி மூன்று கூறாகப் பிரித்துவிடும் என்று, அதைத்தான் மலைபோல் நம்பினேன். பார்சல் ஆபீசில் எடை போட்டே தலை நரைத்தவன் நான். ஒரு பெட்டி எடை கூடி, அதைக் கவுண்டரில் திறந்து, என் பனியனை ஊரே பார்க்கும்படி ஆகக் கூடாதென்று வீட்டுத் தராசில் ஒவ்வொரு சாமானாக நிறுத்து உங்கள் புரோகிராமுக்குக் கொடுத்தேன். அதுவும் கண்மூடித் திறப்பதற்குள் பிரித்துவிட்டது. மூன்று பெட்டியும் கிராம் சுத்தமாக ஒரே எடை! கவுண்டர் பெண் "எப்படி சார்?" என்று வாயைப் பிளந்தாள். "எங்க மாப்பிள்ளை மூளைம்மா" என்று பீற்றிக்கொண்டேன்.

வினையே அங்கேதான். ஆபீஸ் பழக்கத்தில் ஜோடியைக்கூடத் தனித்தனியாகத்தான் நிறுத்திருந்தேன். உங்கள் புரோகிராமுக்கு இடது ஏது, வலது ஏது, எல்லாம் வெறும் எண். இடது ஷூ இங்கே, வலது ஷூ தொலைந்த பெட்டியில். பிளாஸ்க் இங்கே, மூடி அங்கே. அதெல்லாம் போகட்டும். உங்கள் மாமியார் பயணத்தில் கழற்றி வைத்துவிடும் பல்செட்டில் கீழ் வரிசை இங்கே, மேல் வரிசை அங்கே! நாளை அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா, அவள்தான் தலைமை தாங்கிப் பேச வேண்டும். எத்தனை வருஷமாக ஏங்கிக் கிடைத்த மேடை! வந்ததிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுகிறாள். திட்டினால்கூட நிம்மதியாக இருக்கும்.

ஆகவே மாப்பிள்ளை, ஒன்றை விட்டு ஒன்று இருக்க முடியாத சாமான்களைப் பிரிக்கக் கூடாது என்று புரோகிராமில் உடனே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அப்படியே தப்பு முழுக்க உங்களுடையதுதான் என்று மாமியாருக்கு இரண்டு வரி எழுதிப் போட்டால் புண்ணியமாகப் போகும்.

நீங்களும் என் மகளும் என்றும் ஒரே பெட்டியில், அதாவது ஒரே வீட்டில், பல்லும் சொல்லுமாக வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் விழாவே முடிந்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் ரத்தாகப் பாவிக்கவும். புரோகிராமில் கை வைக்க வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பெட்டி இன்னும் வரவில்லை, ஆனால் உங்கள் மாமியார் மேடையேறி முப்பத்திரண்டு பல்லும் பளிச்சிட ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டாள். முன் வரிசையில் ஒரு காலில் ஷூவும் மறு காலில் லாட்ஜ் செருப்புமாக உட்கார்ந்திருந்த எனக்குத்தான் வாய் மூடவில்லை. இறங்கியதும் மடக்கிக் கேட்டேன்.

"நீங்க என் பல்செட்டை ரெண்டு பெட்டியில பிரிச்சு வெச்சதைப் பார்த்ததுமே மேல் செட்டை எடுத்துக் கைப்பையில போட்டுக்கிட்டேன். அந்த இடத்துல அதே எடைக்கு ஒரு சோப்புத் துண்டு வெச்சேன். இல்லேன்னா நீங்க மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சிருப்பீங்க."

"அப்புறம் ஏன் வாயைப் பொத்திக்கிட்டு, ரொட்டியை ஊறவெச்சுத் தின்னுக்கிட்டு, என்கூடப் பேசாம இருந்தே?"

"மேடையில என்ன பேசறதுன்னு நான் யோசிக்க வேண்டாமா? உங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டே எதை யோசிக்கிறது?"