அண்டாவில் இரண்டு கரண்டி பாயசம்

"இந்த வருஷம் முந்திரி கடையில வாங்கப் போறதில்ல" என்று ஈஸ்டருக்கு முந்தின நாள் இவர் அறிவித்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் மாணிக்கவேல். இவர் எதையாவது அறிவித்தாலே எனக்குப் பயம். போன அறிவிப்பு, ஆள் வைக்காமல் நாமே பெயின்ட் அடிப்பது. எங்கள் பூனை இன்னும் பச்சையாகத் திரிகிறது.

"நாளைக்குப் பாக்கியமேரி வூட்டுக்கு விருந்துக்குப் போறோமில்ல? பாயசம் எடுத்துக்கிட்டுப் போவோம்."

நல்ல புத்தி வந்துவிட்டதே என்று நினைத்தேன். அதற்குள் பரணிலிருந்து அண்டா இறங்கியது. என் வளைகாப்புக்கு நாற்பது பேருக்குச் சாம்பார் வைத்த அண்டா.

"இதுல எவ்ளோ பாயசம்?"

"ரெண்டு கரண்டி."

"ரெண்டு கரண்டிக்குத் தூக்குவாளி போதாதா?"

"பைத்தியக்காரி! பலகாரம் வந்த பாத்திரத்தை யாராவது வெறுமையா திருப்பி அனுப்புவாங்களா? அவங்க தோப்புல இப்ப முந்திரிக்கொட்டை சீசன். தூக்கு கொண்டு போனா தூக்கு நிறைய வரும். அண்டா கொண்டு போனா?"

பாக்கியமேரியும் நானும் ஏழாவதோடு படிப்பை விட்டு, விருத்தாசலத்தில் ஒரே பீங்கான் ஷெட்டில் பொம்மைக்குக் கண் எழுதியவர்கள். முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம். அது ஓர் அண்டாவில் முழுகிப் போகணுமா? இவர் குளிக்கப் போன நேரம் போன் போட்டேன்.

"பாக்கியம், நாளைக்கு அண்டா வருது."

"யாரு அது?"

"எங்க வூட்டு அண்டாதான். கூட அவரும் வராரு." விஷயத்தைச் சொன்னேன். "நீ அதை விளிம்பு வரைக்கும் நெப்பிடாத. என் மானமே போயிடும். ஏதாவது செய்யி. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."

"செஞ்சிட்டாப் போச்சு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குக் கவலையாக இருந்தது.

மறுநாள் கம்மாபுரம் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் அண்டா என் மடியில் இருந்தது. நான் இருப்பது வெளியே தெரியவில்லை.

"அண்டாவுக்கு டிக்கெட் எடுங்க" என்றார் கண்டக்டர்.

"பொம்பளைங்களுக்கு ஃப்ரீதானே? அது பொம்பளை மடியில இருக்குது."

"அண்டாவுக்கு ஆம்பளை டிக்கெட்டுதான் சார்."

பாக்கியமேரியின் வீட்டுக்காரர் அந்தோணிமுத்து காலையில் முந்திரித் தோப்பில் இருப்பார். மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் சூளையில் பீங்கான் ஃபியூஸ் கேரியரும் ஜாடியும் சுடுவார். அண்டாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "மச்சான் ஊருக்கே பாயசம் கொண்டாந்துட்டாரு!" தலையை உள்ளே விட்டுத் தேடினார். "இருக்குது, இருக்குது" என்று எதிரொலி மட்டும் வந்தது.

கறி விருந்து முடிந்தது. இவர் வெற்றிலை போட்டுக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார். "நம்ம பக்கத்துல எனக்குப் புடிச்ச பழக்கம் ஒண்ணு உண்டு மாப்ள. வெறும் பாத்திரம் வாசப்படி தாண்டக் கூடாது. உயிரே போனாலும் அதை மட்டும் விடக் கூடாது."

"சத்தியமான பேச்சு அண்ணே" என்றாள் பாக்கியமேரி. "ஆனா அண்டா இம்மாம் பெருசா இருக்குது, எனக்கு ஒரு வாரம் மண்ணு ஊற வைக்க இருக்கட்டும். நீங்க இதுல எடுத்துக்கிட்டுப் போங்க."

இரண்டு பேர் தூக்கி வந்து வைத்தார்கள். என் இடுப்பு உயரம் ஓர் ஊறுகாய் ஜாடி. அடியில் ஒரு கைப்பிடி முந்திரிக்கொட்டை.

"ஜாடி ஓட்டல்காரங்க ஆர்டரு. அடுத்த ஞாயித்துக்கெழமை நாங்களே வந்து வாங்கிக்கிறோம்."

வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறக்கும்போதுதான் இவருக்கு உறைத்தது.

"கமலா, அப்ப இந்த ஜாடியை நாம நெப்பிக் குடுக்கணுமா?"

"உயிரே போனாலும்னு நீங்கதானே சொன்னீங்க?"

யோசித்தார். இவர் யோசித்தால் எனக்கு அறிவிப்பைவிடப் பயம். "கை தவறி உடைஞ்சிட்டா? உடைஞ்ச ஜாடியை எவன் நெப்ப முடியும்?"

கை தவறியது. ஜாடி படியில் விழுந்தது, இரண்டு சுற்றுச் சுற்றியது, நேராக எழுந்து நின்றது. நின்ற இடம் இவருடைய கால் கட்டை விரல். கரண்டுக் கம்பத்தில் வைக்கும் பீங்கானுக்குக் குழைத்த மண்ணாம் அது. புயலுக்கே அசையாதாம். போனில் பாக்கியமேரி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை லோடு ஆட்டோவில் இரண்டு பேரும் வந்தார்கள். இவர் மாவுக்கட்டோடு படுத்திருந்தார்.

"காலு ஒடிஞ்சவங்களைப் பாக்க வெறுங்கையோட வர முடியுமா அண்ணே?"

அண்டா! விளிம்பு வரை முந்திரிக்கொட்டை! இவர் வலியை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். 'பாத்தியா?' என்று என்னை ஒரு பார்வை.

டீ குடித்தார்கள். கிளம்பும்போது அந்தோணிமுத்து ஜாடியைச் சாய்த்து உள்ளே பார்த்தார். அன்றைக்கு வந்த ஒரு கைப்பிடியையும் நாங்கள் வறுத்துத் தின்றாகிவிட்டது.

"பரவால்ல மச்சான், வெறுமையாவே எடுத்துக்கிட்டுப் போறேன். பழக்கமெல்லாம் பேச்சுக்குத்தானே?"

"யாரைப் பாத்து என்ன பேச்சு!" இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அரை மூட்டை ரேஷன் அரிசி இருந்தது. அதைத் தொட்டால் நான் விடமாட்டேன் என்று இவருக்குத் தெரியும். மிச்சம் இருந்தது அண்டாவில் வந்த முந்திரிக்கொட்டை ஒன்றுதான். "கமலா, கொட்டு!"

கொட்டினேன். அண்டாவும் ஜாடியும் ஒரே அளவு. ஒரு கொட்டை கூட மிஞ்சவில்லை.

ஆட்டோவில் ஏறும்போது பாக்கியமேரி என் காதோரம் குனிந்தாள். "இது ஈஸ்டருக்கே உனக்குன்னு கட்டி வச்ச மூட்டைடி. அன்னிக்கே குடுத்திருப்பேன். நீதான் போன் போட்டு நெப்பாதன்னு சொன்ன."

இவருக்கு விரல் ஆறட்டும். பிறகு சொல்லிக்கொள்ளலாம்.