டோக்கன் செலவழிக்காத ஆவி

புதன்கிழமை மத்தியானம் சதுக்கத்தில் எள் விழ இடமில்லை. வட சிலியின் பாலைவனத்தில் மழையையே பார்க்காத ஊர் அது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நாற்பது பேர் சேர்ந்தால் பாதிரியாருக்குத் தலைகால் புரியாது. தோன் எவாரிஸ்தோவின் கருவியைப் பார்க்க நானூறு பேர்! ('தோன்' என்றால் அந்த ஊரில் 'ஐயா'.) அப்படி என்ன கருவி? ஒரு நீளக் கம்பு, அடியில் வட்டத் தட்டு, மேலே பெயின்ட் உரிந்த பெட்டி. முப்பது வருஷத்துக்கு முன்னால் மண்ணுக்குள் உலோகம் தேடச் செய்தது. இப்போது ஆவி தேடுகிறது. பதவி உயர்வு.

அந்தக் காலத்து வெடியுப்புக் கம்பெனிகள் கூலியைக் காசாகத் தரவில்லை, டோக்கனாகத் தந்தன. கம்பெனிக் கடையைத் தவிர வேறெங்கும் அது செல்லாது. இதுவரை உண்மை. இனிமேல் எவாரிஸ்தோவின் புளுகு. டோக்கனைச் செலவழிக்காமல் செத்தவனின் ஆவி, கடை திறக்கும் என்று காத்துக்கொண்டே இருக்குமாம். சலித்துப்போனால் தன் பிள்ளையின் நெஞ்சில் ஏறி உட்காருமாம். கருவி அலறும் இடத்தில் தோண்டி, டோக்கனை எடுத்து, ஒன்பது நாள் மெழுகுவத்தி ஏற்றினால் இறங்கிவிடுமாம். மெழுகுவத்தி அவரிடமே கிடைக்கும். வேறெங்கே கிடைக்கும்?

திங்கட்கிழமை அது எர்மிந்தாவின் வீட்டு முற்றத்தில் அலறியிருந்தது. எர்மிந்தா சந்தையில் எம்பனாடா என்கிற இறைச்சி வைத்த பணியாரம் விற்பவள். புருஷன் பௌதிலியோ இருபத்திரண்டு வருஷம் சுரங்கத் தூசி தின்றவன். இருமினால் கைக்குட்டையில் ரத்தம். ஏழு மாதம் காத்திருந்து, அந்தோஃபகஸ்தா நகரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்திருந்தது. வியாழக்கிழமை காலை பஸ்.

எவாரிஸ்தோ மண்ணைக் கிளறி ஒரு கறுப்பு டோக்கனை எடுத்துப் பௌதிலியோவிடம் நீட்டினார்.

"உங்கப்பாவோடது. உன் நெஞ்சுல உக்காந்திருக்கறது அவர்தான். ஒன்பது நாள் முடியறதுக்குள்ள கத்தி வெச்சா, மேசையிலேயே உயிர் போயிடும்."

அவ்வளவுதான். பௌதிலியோ கட்டி வைத்த பெட்டியைப் பிரித்துத் துணிகளை வெளியே போட்டுவிட்டான்.

"ஏய்யா, இந்தத் தேதியை விட்டா அடுத்தது எப்பன்னு தெரியுமா?" என்றாள் எர்மிந்தா.

"எங்கப்பன் நெஞ்சுல உக்காந்திருக்காருங்கறேன், நீ பஸ்ஸு பஸ்ஸுங்கற."

"உயிரோட இருந்தப்ப உன்னை ஒரு நாள் மடியில வெச்சுக்காத மனுஷன், இப்ப உன் மேல வந்து உக்காருறாராக்கும்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பயந்தவனிடம் நியாயம் பேசி என்ன பிரயோஜனம்? அவளுக்கு அழுகை வந்தது. இந்த மனுஷன் மெழுகுவத்தி ஏற்றியே செத்துப்போவான்! அழுதபடியே டோக்கனை விரலில் உருட்டினாள். லேசாக இருந்தது. சின்ன வயதில் இதே கறுப்பு டோக்கன்களைக் காயாக வைத்து ஆடியிருக்கிறாள். ஒரு தடவை ஒன்றை அடுப்பில் போட்டு, வீடெல்லாம் டயர் எரிந்த நாற்றம். அம்மாவிடம் வாங்கிய அடி மறக்குமா? கெட்டி ரப்பர்! அழுகை நின்றுவிட்டது.

புதன்கிழமை புருஷனை இழுத்துக்கொண்டு சதுக்கத்துக்கு வந்தாள். டோக்கனை ஒரு மர முக்காலியில் வைத்தாள்.

"தோன் எவாரிஸ்தோ, உங்க மெஷினை இது மேல ஒரு தடவை பிடிங்க."

"ஆவியைச் சோதிக்கக் கூடாதும்மா."

"ஆவியை யாரு சோதிச்சா? மெஷினைத்தான் கேக்கறேன்."

"பிடிச்சுக் காட்டி அவ வாயை அடைங்கய்யா" என்று கூட்டமே அவரை நெருக்கியது. பக்தர்களால் வந்த வினை! எவாரிஸ்தோ தட்டை இறக்கினார். சத்தமில்லை. இன்னொரு தடவை. ம்ஹும்.

"கூட்டத்தைப் பார்த்து வெக்கப்படுது."

"வெக்கமுமில்ல, மண்ணுமில்ல. இது ரப்பரு. ரப்பருக்கு மெஷின் கத்தாது. அப்ப எங்க முற்றத்துல எதுக்குக் கத்திச்சு?"

கேட்டபடியே கருவியை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். மண்மேல் ஓட்டினாள், பேச்சுமூச்சில்லை. அவர் காலருகே கொண்டுபோனாள். அலறிய அலறலில் நாய்கள் ஓடின. முனையில் இரும்புத் தகடு வைத்த சுரங்க பூட்ஸ்! அந்த ஊர் ஆண்கள் எல்லோருமே போடுவது. அதனால் ஒருவனும் கவனிக்கவில்லை. வேண்டிய இடத்தில் தட்டைத் தன் காலருகே கொண்டுபோனால் போதும், ஆவி வந்துவிடும்.

"கழட்டுங்க."

கழற்றினார். காலுறையில் மூன்று ஓட்டை. கருவியைக் கையில் கொடுத்து நடக்கவிட்டாள். சதுக்கம் முழுக்க ஓர் ஆவியும் இல்லை. பூட்ஸை எடுக்கக் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து ஒன்பது கறுப்பு டோக்கன்கள் கொட்டின. அடுத்த ஒன்பது அப்பன்கள்.

பௌதிலியோ குனிந்து ஒன்றைப் பொறுக்கி எடுத்தான்.

"அப்ப எங்கப்பன்?"

"உங்கப்பா செத்து இருபத்தாறு வருஷமாச்சுய்யா. உன் நெஞ்சுல இருக்கறது தூசி. அதுக்கு டாக்டர்தான்."

வெகுநேரம் இருமினான். பிறகு, "பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

வியாழக்கிழமை இருவரும் பஸ் ஏறினார்கள். அதே நேரத்தில் ஊரில் ஐம்பது வீடுகளில் மெழுகுவத்தி எரிந்தது. வாங்கியாயிற்றே, வீணாக்கலாமா என்றார்கள். ஆவி பூட்ஸுக்குள் ஒளிந்திருக்கலாம் என்றும் ஒரு கட்சி கிளம்பியிருந்தது.

அந்த ஓட்டைக் கருவி ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. இரும்புக்குக் கத்தியது, ரப்பருக்குச் சும்மா இருந்தது. நானூறு தலைகளில் அந்த அளவுக்கு வேலை செய்தது ஒன்றே ஒன்றுதான். மிச்சத் தலைகளை எந்தத் திருநாளுக்குப் புத்தம்புதிதாக எடுத்துவைத்திருக்கிறீர்கள், ஐயா?