கொசுகூடத் தீண்டாத பாதுகாப்பு

எங்கள் வேழமலை நாட்டில், அரசாங்கத்தின் தப்பை வெளியே சொன்னவர்மேல் இன்றுவரை ஒரு கொசுகூட உட்கார்ந்ததில்லை. அவ்வளவு பலமான பாதுகாப்புச் சட்டம். இதை நம்பாதவர் நாட்டிலேயே ஒரே ஒருவர்தான்: என்னோடு தினமும் டீ குடிக்கும், ஓய்வுபெற்ற சர்வேயர் மருதையன்.

அணைக்கட்டு ஓவர்சியர் செண்பகவல்லி, மதகுச் சுவருக்குள் கல்லுக்குப் பதில் வைக்கோலை அடைத்து மேலே சுண்ணாம்பு பூசியிருப்பதைக் கண்டாள். அணை போனால் கீழே பதினோரு ஊர் போகும். அதில் ஒன்றில் அவள் தங்கை பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். நேரே அரசவைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

மந்திரி கோளறியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த அம்மையார்மேல் ஒரு துரும்பு படலாமா? இவர் யாரென்றே எவருக்கும் தெரியக் கூடாது" என்றார்.

முதல் ஆணைப்படி அவள் பெயரை ரேஷன் கார்டிலிருந்தும், ஊழியர் பட்டியலிலிருந்தும், வீட்டுக் கதவிலிருந்தும் சுரண்டி எடுத்தார்கள். பெயர் போனது, முகம் இருக்கிறதே? அவள் தெருவில் வந்தால் எல்லாரும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று இரண்டாவது ஆணை வந்தது. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டால்? அவள் பேச்சு காதில் விழுந்தவர், விழவேயில்லை என்று நாலாம் நம்பர் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது மூன்றாவது. புகாரை விசாரித்த குழுவோ, அப்படியொரு ஓவர்சியரே பட்டியலில் இல்லை என்று கோப்பை மூடியது.

அதற்குப் பிறகுதான் விஷயமே. நாங்கள் சுவரைப் பார்த்து நிற்போம். சுவரில் எங்கள் நிழல் மட்டும் விழும். கடந்துபோகிறவளின் நிழல் விழாது. நாய்கள் குரைப்பதை நிறுத்தின. ஆடி முடிவதற்குள் ஆளே இல்லை. அணையிலிருந்து அரசவைப் படிவரை ஈரக் காலடித் தடம் மட்டும் தினமும் பத்து மணிக்கு வரும். மந்திரி அதை மிதிக்காமல் ஒதுங்கி, ஒரு வணக்கமும் வைத்துவிட்டுப் போவார். கொசு உட்கார உடம்பு வேண்டுமே.

"சும்மா உருட்டாதேய்யா. மனுஷி என்ன கற்பூரமா, காத்துல கரைய?" என்று மருதையன் சிரித்தார். என்னைப் பொய்யனாக்கவே அணைக்குப் போனார். மதகுச் சுவரில் கையை ஊன்றினார். முழங்கைவரை வைக்கோலுக்குள் போயிற்று. நேர்மையான மனிதர், வேறென்ன செய்வார், அன்றைக்கே புகார் எழுதிக் கொடுத்தார். மந்திரிக்கு மறுபடியும் கண் கலங்கியது.

இன்று காலை டீ மாஸ்டர் ஒரே ஒரு கிளாஸை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். எதிர் பெஞ்சில் யாருமில்லை. என் டீ தானாகக் குறைந்துகொண்டே வந்தது. பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி ஈரத் தடம். அது காயவில்லை, பரவியது. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். நாலாம் நம்பர் படிவத்தை எடுத்து, எதுவும் காதில் விழவில்லை என்று எழுதத் தொடங்கினேன். தாள் நனைந்து மை ஊறியது.

"மதகு விட்டுடுச்சு," என்றது மருதையன் குரல், காதுக்குப் பக்கத்தில். "செண்பகவல்லி, தன் தங்கச்சி வீட்டு வாசல்ல நின்னு கத்திட்டிருக்கா. அந்தப் பொண்ணு காதுல விழல. எழுதுறதை நிறுத்திட்டு நீயாவது ஓடிப்போய்ச் சொல்லுய்யா. ஒத்துக்கிறேன், நீ சொன்னது அத்தனையும் நடந்ததுதான்."