காதுகுத்துக்கு வராத கர்னல்

ஆனையூர், மதுரை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஜெயபாண்டி அவர்களுக்கு, மச்சான் பீமாராவ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி தங்கப்பொண்ணும் சுகம், அவளுடைய முழங்கால் நீங்கலாக. ஒத்தக்கடையில் நீங்கள், தங்கச்சி முத்துச்செல்வி, மருமகள் தமிழ்வாணி மூவரும் நலமென்றே நம்புகிறேன். போனில் பேசினால் தங்கச்சி பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அதனால்தான் உங்கள் பெயிண்ட் கடை விலாசத்துக்குக் கடிதம். படித்ததும் கிழித்துப்போடவும்.

விஷயம் என் லீவு கேஸ். சர்வீஸில் எடுக்காமல் சேர்த்துவைத்த லீவுக்கு ஓய்வுபெறும்போது சம்பளம் தர வேண்டும். எனக்குத் தந்தார்கள், தமிழ்வாணிக்குக் காதுகுத்திய வருடத்து லீவை மட்டும் கழித்துக்கொண்டு. கேட்டால், அந்த வருடம் ஊருக்குப் போய்விட்டீர்களே, உத்தரவு இருக்கிறதே என்கிறார்கள். உத்தரவு இருப்பது வாஸ்தவம். பிள்ளையை மடியில் வைக்கத் தாய்மாமன் வேண்டுமென்று லீவு கேட்டேன், கொடுத்தார்கள், ஜம்மு ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியோடு வந்துவிட்டேன். ரயில் ஏறுவதற்குள் ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் கிளம்பியது காகிதத்தில் ஏறியது, திரும்பியது ஏறவில்லை. கூப்பிட்ட மேலதிகாரியும் காலமாகிவிட்டார். ஆக, நான் மூக்கு உறையப் பனியில் நின்ற நாளெல்லாம் உங்கள் வீட்டுப் பந்தலில் கறிச்சோறு சாப்பிட்டதாகக் கணக்கு. கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள் மாப்ள.

சரி, ஜெயித்துவிடலாம் என்றுதான் எங்கள் வக்கீல் தைரியமாக இருந்தார். போன வாரம் சென்னை ராணுவத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரு படத்தை நீட்டினார் பாருங்கள், எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. காதுகுத்து ஆல்பத்தில் இருக்கிற அதே படம். மடியில் தமிழ்வாணி, மாலையோடு நான். மருமகள் பிறந்தநாளுக்குத் தங்கச்சி அதை பேஸ்புக்கில் போட்டிருக்கிறாள். போட்டவள் சும்மா போடக் கூடாதா? "எனக்காக எல்லையிலிருந்து லீவு போட்டு ஓடிவந்த எங்க அண்ணன்" என்று மேலே எழுதியும் வைத்திருக்கிறாள்.

ஸ்டுடியோவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அண்ணன் முகம் இல்லாத ஆல்பத்தைப் புகுந்த வீட்டில் எப்படிக் காட்டுவது என்று தங்கச்சி அழுதாள். எனக்குப் பதிலாக உட்கார்ந்தவன் பெரியப்பா மகன் ஆண்டிச்சாமி. அவன் தலையை எடுத்துவிட்டு என் தலையை ஒட்டச் சொன்னீர்கள். நம்ம பக்கத்தில் வரமுடியாதவர்களை இப்படி ஒட்டுவது வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தீர்ப்பாயத்துக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்? அது ஒட்டின தலை, உடம்பு என்னுடையதில்லை என்றேன். "தொப்பையைப் பார்த்தால் கர்னலுக்கு லீவு நன்றாக ஒத்துக்கொண்டதுபோலத்தான் தெரிகிறது" என்கிறார் அந்த வக்கீல். எல்லாரும் சிரித்தார்கள். பணம் போனால் போகட்டும் மாப்ள, இத்தனை வருட சர்வீஸுக்குப் பிறகு பொய்க்கணக்கு காட்டிப் பணம் கேட்கிறவன் என்றல்லவா பேராகிவிடும்?

நேரே வண்டியூருக்குப் போய் ஆண்டிச்சாமியைப் பிடித்தேன். சாட்சிக்கு வாடா என்றால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறான். "ஏண்ணே, அன்னைக்குப் பிள்ளைய மடியில வச்சு அம்புட்டு நேரம் உக்காந்தது நானு. பட்டு வேட்டியெல்லாம் நனைச்சு விட்டுருச்சு. ஆல்பத்தப் பாத்தா என் தலையக் காணோம். இம்புட்டு வருசமா ஒருத்தராச்சும் தேடுனீகளா? இப்ப கோர்ட்டுக்கு மட்டும் தலை வேணுமாக்கும்? போண்ணே." அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது, என்ன செய்ய.

இனி நீங்கள்தான் கதி. காதுகுத்துக்கு மச்சான் வரவில்லை, தலை மட்டும் ஸ்டுடியோவில் ஒட்டியது என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். தங்கச்சிக்குத் தெரிந்தால் வீட்டில் உங்களுக்குச் சோறு கிடைக்காது, தெரியும். உங்கள் அக்கா தங்கச்சிகள் முன்னால் அவள் தலைகுனிய வேண்டிவரும், அதுவும் தெரியும். மனசுக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் மானமும் மானம்தானே. நீங்கள் தராவிட்டால் நான் உங்களோடு பேசப்போவதில்லை, இது உறுதி. வியாழக்கிழமைக்குள் கொரியரில் அனுப்பவும்.

தங்கச்சி உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். மருமகளுக்கு எங்கள் இருவருடைய ஆசி. கடையும் குடும்பமும் மேன்மேலும் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
லெப்டினன்ட் கர்னல் பீமாராவ் (ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகிற நேரத்தில் தமிழ்வாணி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அவளுடைய கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை தாய்மாமனுக்காம். பேச்சோடு பேச்சாக, "மாமா, சின்ன வயசுல எனக்கு ஞாபகம் இருக்கறது அந்தக் காதுகுத்து ஒண்ணுதான். ஊசியப் பாக்கக் கூடாதுன்னு நீங்க என் கண்ணப் பொத்துனீக. பட்டாளத்துக்காரர் கை, ஆனா நடுங்குச்சு" என்றாள். "ஆமா தாயி, நடுங்கத்தான் செஞ்சுச்சு" என்று சொல்லிவிட்டேன். பிரமாணப் பத்திரம் வேண்டாம். கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி இப்போதுதான் வக்கீலுக்குப் போன் போட்டேன். அந்த வருடம் நான் லீவில் வந்திருந்தேன் மாப்ள.