பூட்டிவைத்த மூச்சு

ரெனி காட்ரில் என்கிற பத்தாம் வகுப்புப் பெண், மதியச் சாப்பாட்டு வகையில் மில்பர்ன் உயர்நிலைப் பள்ளிக்கு வைத்திருந்த பாக்கி முப்பத்தொன்பது டாலர் எழுபது சென்ட். ஒஹாயோ ஆற்றின் இரண்டு கரையிலும் தேடினாலும் இத்தனை சுத்தமாகக் கணக்கு வைத்திருக்கும் பள்ளி கிடைக்காது. பிள்ளை தின்ற உருளைக்கிழங்கு வறுவலையே சென்ட் பிசகாமல் எண்ணி வைக்கிற பள்ளி, பிள்ளையின் உயிரை எப்படி எண்ணி வைத்திருக்கும்! நினைத்தாலே நெஞ்சு விம்முகிறது.

அந்தக் கணக்குக்குக் காவல் துணை முதல்வர் டெல்மர் ஸ்ட்ராட். இருபத்தைந்து டாலருக்கு மேல் பாக்கி வைத்தவர்களுக்குச் சூடான சாப்பாடு கிடையாது. இரண்டு ரொட்டிக்கு நடுவே ஒரு பாலாடைக்கட்டித் துண்டு, அவ்வளவுதான். விழா, கொண்டாட்டம் எதிலும் இடம் கிடையாது. பாக்கி தள்ளுபடியாக விதியில் ஒரே வழிதான் உண்டு: மாணவர் இறந்துபோக வேண்டும். இந்தச் சலுகையை இதுவரை ஏழு பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் பங்க் கழிப்பறையில் மாத்திரை விழுங்கிவிட்டு எழுந்திருக்காமலே போன ஜேரட் அவர்களில் ஒருவன். ரெனியின் அண்ணன்.

அந்தப் பக்கத்து ஊர்களில் வலி மாத்திரை விற்றுக் கொழுத்த கம்பெனிகள், கோர்ட்டு சொன்ன பிறகு மனம் வருந்தி, மாவட்டத்துக்குப் பணம் கொடுத்தன. அதில் பள்ளிக்கும் ஒரு பங்கு வந்தது. ஸ்ட்ராட் உடனே ‘ஆயத்தக் குழு’ ஒன்றை அமைத்தார். குழு பலமுறை கூடிப் பீட்சா தின்றது. பதாகை வாங்கினார்கள். பனியன் வாங்கினார்கள். ‘மூச்சு மாமா’ என்ற பெயரில், ஆள் உள்ளே நுழைந்து ஆடும்படி ரோஜா நிறத்தில் ஒரு நுரையீரல் வேஷம் தைத்தார்கள். இரட்டைச் சாவி போட்ட இரும்புப் பெட்டி ஒன்று வாங்கினார்கள். பெட்டி வாங்கிய பிறகுதான் அதற்குள் வைக்க ஏதாவது வேண்டுமே என்று தோன்றியது. மிஞ்சிய சில்லறைக்கு நலாக்ஸோன் வாங்கினார்கள். மாத்திரை அளவு மீறி மூச்சு அடங்குகிறவரின் மூக்கில் அடித்தால் மூச்சைத் திருப்புகிற மருந்து. மொத்தம் நான்கு குப்பி.

ஒரு சாவி ஸ்ட்ராட்டிடம். அதே பூட்டுக்கான இன்னொன்று முதல்வர் திருமதி ஃபென்னிடம்.

“தீயணைப்பான் மாதிரி வெளியில மாட்டி வச்சா என்ன சார்?” என்று அறிவியல் ஆசிரியர் ஒருத்தர் கேட்டார்.

“வெளியில வச்சா, நம்ம பள்ளிக்கூடத்துல அந்தப் பிரச்சினை இருக்குன்னு ஜனங்க நினைச்சுக்குவாங்க.”

“இல்லையா சார்?”

“வாசல்ல போர்டைப் பாருங்க.”

வாசலில் போர்டு இருந்தது. ‘இவ்வளாகத்தில் அசம்பாவிதம் இல்லாத நாட்கள்: 198.’ பொய்யே இல்லை. ஏழு பேரும் நாகரிகம் தெரிந்த பிள்ளைகள். வளாகத்துக்கு வெளியே போய்த்தான் இறந்திருந்தார்கள்.

புதன்கிழமை இருநூறாவது நாள். மாவட்டக் கல்வி அதிகாரியே விழாவுக்கு வருகிறார். திருமதி ஃபென் ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலியில் ஸ்ட்ராட் மனசளவில் எப்போதோ உட்கார்ந்து பார்த்தாயிற்று.

ஆகவே திங்கட்கிழமை காலை பைகளைச் சோதனை போட்டார். ரெனியின் பையில் ஒரு குப்பி அகப்பட்டது.

“என்ன இது?”

“மூக்குல அடிக்கிற மருந்து, சார். ஜேரட் போனதுலேருந்து அம்மா பையில போட்டு அனுப்புவாங்க.”

“பள்ளிக்கூடத்துக்குள்ள மருந்து கொண்டுவரக் கூடாதுன்னு தெரியாது?”

“உங்க பெட்டியில இருக்குற அதே மருந்துதானே சார்?”

“எங்களுது ஆயத்தம். உன்னுது கடத்தல்.”

பிடிபட்ட பொருளை அவள் எதிரிலேயே முறைப்படி தன் மேசை இழுப்பறையில் போட்டார். அங்கே ஏற்கெனவே புகைக்குழல்களும் சூயிங்கமும் ஒரு ரப்பர் பாம்பும் குடியிருந்தன. இழுப்பறைக்குப் பூட்டு கெட்டுப்போய் நாளாகியிருந்தது.

புதன்கிழமை உள்விளையாட்டரங்கம் நிரம்பி வழிந்தது. வந்தவர்களுக்கெல்லாம் கறித்துண்டு வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோல். மூச்சு மாமாவாக ஆட வேண்டிய நாடக ஆசிரியருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கடமை என்று வந்தால் பின்வாங்குகிறவரா ஸ்ட்ராட்? தாமே நுரையீரலுக்குள் இறங்கினார். முதுகுப்பக்கம் ஜிப்பை இழுத்து மூடினார்கள். பாக்கிக்காரப் பிள்ளைகள் மட்டும் சாப்பாட்டுக் கூடத்தில் பாலாடைக்கட்டி ரொட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களில் வேட் பிக்கன்ஸ் என்பவனுக்குக் கால்பந்தில் தோள்பட்டை பிசகியிருந்தது. யாரோ தெரிந்தவன் கொடுத்த மாத்திரையை, வலிக்கு நல்லதென்று நம்பி விழுங்கினான். கொஞ்ச நேரத்தில் மேசையில் தலை சாய்த்தான். ரெனி அவன் உதட்டைப் பார்த்தாள். அந்த நிறத்தை அவள் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

“ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்கடா!” என்று கத்திவிட்டு அரங்கத்துக்கு ஓடினாள். கதவருகே ஓர் ஆசிரியை பட்டியலோடு நின்றார்.

“உன் பேரு பாக்கி லிஸ்ட்ல இருக்கு. உள்ள விட முடியாது.”

“வேட் பிக்கன்ஸ் மூச்சு விடல, மேடம்!”

“அவன் பேரும் லிஸ்ட்லதான் இருக்கு.”

கூச்சல் கேட்டு நுரையீரல் வெளியே வந்தது.

“சார், பெட்டியத் திறங்க! வேட் போயிடுவான்!”

“மெதுவாப் பேசு. அதிகாரி உள்ள இருக்காரு. தூங்குறானோ என்னமோ.”

“உதடு நீலமாகி எவன் சார் தூங்குவான்? சாவி எங்க?”

“பான்ட் பையில.”

“பான்ட் எங்க?”

“நுரையீரலுக்குள்ள.”

ரெனி ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். ஒரு சாண் வந்தது. அப்புறம் துணியைக் கவ்விக்கொண்டு அசைய மறுத்தது.

“முதல்வர் மேடத்துகிட்ட இருக்குற சாவி?”

“மேடையில பேசிக்கிட்டிருக்காங்க. நடுவுல போகக் கூடாது.”

ரெனி ஒரு வார்த்தை சொன்னாள். இந்த வரலாற்றின் கண்ணியம் கருதி அது இங்கே இடம்பெறவில்லை. துணை முதல்வர் அறைக்கு ஓடி, இழுப்பறையை உருவி, ரப்பர் பாம்பைத் தூக்கி எறிந்து, தன் குப்பியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குத் திரும்பினாள். வேட் பிக்கன்ஸைத் தரையில் மல்லாத்தித் தலையை நிமிர்த்தி மூக்கில் அடித்தாள். பிறகு வாயோடு வாய் வைத்து ஊதினாள். நிறுத்தாமல் ஊதினாள். பின்னாலேயே வந்து சேர்ந்த ஆளுயர நுரையீரல் ஒன்று பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு மூச்சுக்கூடக் கடன் கொடுக்க அதனால் முடியவில்லை.

வேட் இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தான்.

“பெப்பரோனி ரோல் தீந்துடுச்சா?”

“உனக்கு எப்படா அதெல்லாம் போட்டாங்க? பாலாடைக்கட்டி ரொட்டிதான்,” என்று சொல்லிவிட்டு ரெனி அழுதாள்.

ஆம்புலன்ஸ், ஸ்ட்ராட்டின் வேண்டுகோளுக்கிணங்க, பின்வாசலில் வந்து நின்றது. ஆயத்தக் குழு அன்றே கூடி ஆராய்ந்தது. மாணவன் பிழைத்துக்கொண்டதால் அசம்பாவிதம் ‘முழுமை பெறவில்லை’. பள்ளியின் நான்கு குப்பிகளும் முத்திரை கலையாமல் இருக்கின்றன. எனவே மறுநாள் போர்டு 201 என்றது. துணை முதல்வரின் இழுப்பறையிலிருந்து பொருள் களவாடியதற்காக ரெனிக்கு மூன்று நாள் இடைநீக்கம்.

இடைநீக்கத்தின் மூன்றாம் நாளான திங்கட்கிழமை, மாத்திரைக் கம்பெனிப் பணத்தைத் தணிக்கை செய்ய மாநில அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார்.

“நாலு குப்பியும் அப்படியே இருக்கா?”

“தொட்டதுகூட இல்ல மேடம்!” ஸ்ட்ராட் மார்பு விரித்தார்.

“அப்படின்னா உங்களுக்கு இது தேவைப்படல. அடுத்த வருஷப் பணம் தேவைப்படுற பள்ளிக்குப் போகட்டும்.”

ஸ்ட்ராட்டுக்கு மூச்சடைத்தது. இந்தத் தடவை ஜிப்பைக் குறை சொல்ல முடியவில்லை. “ஒண்ணு உபயோகிச்சோம் மேடம்! ஒரு உயிரையே காப்பாத்தியிருக்கோம். குப்பியை நாளைக்குக் காட்டுறேன்.”

இடைநீக்கத்தில் இருந்த ரெனிக்கு அழைப்பு போயிற்று.

“அந்தக் காலிக் குப்பி பத்திரமா இருக்காம்மா?”

“எதுக்கு சார்? கடத்தல் பொருளாச்சே.”

“அது போன வாரம். இப்ப முன்தேதி போட்டுப் பள்ளிக்கூடம் அதை வாங்கிக்குது. பதிலுக்கு உன் பாக்கி முழுக்கத் தள்ளுபடி.”

“வேட் பாக்கியும்.”

“அவனுக்கு எதுக்கு?”

“மூக்கு அவனுதுதானே சார்?”

ஸ்ட்ராட் பெருந்தன்மையோடு இறங்கி வந்தார். ரெனி குப்பியை மேசைமேல் வைத்தாள். அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

“ஒரு சின்ன விஷயம்மா. தள்ளுபடின்னா காரணம் கேக்குது. அதுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு காரணம்தான். மாணவர் மறைவு.”

“அப்ப நானும் வேட்டும் செத்துட்டமா?”

“கணக்குல மட்டும்தான். பயப்படாதே, வளாகத்துக்கு வெளியிலன்னு போட்டுடுறேன்.”

பொத்தானை அழுத்தினார். முப்பத்தொன்பது டாலர் எழுபது சென்ட் பூஜ்யமானது. வேலை முடிந்த நிம்மதியில் நாற்காலியில் சாய்ந்தார்.

“இதுக்கு முன்னாடி ஏழு பேருக்கு இப்படித்தான் போட்டோம். ஒருத்தர்கூட வந்து புகார் சொன்னதில்ல.”

ரெனி எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்ப வந்திருக்கேன், சார்.”