ஒற்றைப் பை மகான்

உலகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் ஒரு இனம் என்றால், அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்கள் இன்னொரு இனம். இந்த இரண்டாவது இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஒற்றைப் பை மகான். தோளில் ஒரு பை. அதற்குள் ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, பாதியாக நறுக்கிய பல் பிரஷ், மீதி இடமெல்லாம் கர்வம். இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரயிலில் உங்கள் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ள நீங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, எதிரே காலை நீட்டி உட்கார்ந்தபடி, "எதுக்குங்க இவ்வளவு?" என்று கேட்டாரே, அவரேதான். கொஞ்ச நேரம் கழித்து உங்கள் சீப்பைக் கேட்டவரும் அவரே.

என் மனைவியின் அண்ணன் இந்த இனத்தின் அசல் வித்து. கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர், நாற்பதைத் தொட்ட பிரம்மச்சாரி. "வெக்கையான ஊருக்கு ரெண்டு சட்டை போதும் மாப்பிள்ளை. ஒண்ணு உடம்புல, ஒண்ணு கொடியில" என்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் துவட்டுவது என் துண்டு, உடுத்துவது என் கைலி, உபதேசம் மட்டும் சொந்த வாய்.

போன வருஷம் ஒரு கடலோர ஊருக்குத் தனியாகக் கிளம்பினார். சும்மா ஊர் சுற்ற என்றார். உண்மையில், கூட வேலை பார்த்து அங்கே மாற்றலாகிப் போயிருந்த வேதியியல் டீச்சரிடம், ஆறு வருஷமாகத் தொண்டையில் சிக்கியிருந்த ஒரு கேள்வியைக் கேட்கப் போனார். இன்னும் இரண்டு சட்டை வைக்கச் சொல்லி என் மனைவி கெஞ்சிப் பார்த்தாள். யார் காதில் ஏறும்?

அந்த ஊர்க் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். போய் இறங்கியதுமே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விடுதி அறையில் அதைத் துவைத்து மின்விசிறிக்குக் கீழே மாட்டினார்; விடிந்தும் காயவில்லை. அதற்குள் அடுத்ததும் வியர்வையில் ஊற, அதையும் துவைத்தார். அதுவும் முதல் சட்டையின் வழியிலேயே சொட்டிக்கொண்டு நின்றது. ஆவியாதலைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்தும் மனிதர், இரண்டு ஈரச் சட்டைகளுக்கு நடுவே வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்தார். கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கக்கூடாதா? வாங்கினால் கொள்கை என்னாவது?

கடைசியில் ஈரம் குறைந்த மாதிரி தோன்றியதை மாட்டிக்கொண்டு போனார். வழியிலேயே அது நாற ஆரம்பித்தது. கதவைத் திறந்த டீச்சர் ஓரடி பின்னால் போனார். பிறகு உள்ளே போய்த் தன் அப்பாவின் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா மலை மாதிரி இருப்பவர். அந்தக் கூடாரத்துக்குள் நின்றுகொண்டுதான் நம் மகான் கேள்வியை வெளியே விட்டார்.

டீச்சர் நிதானமாகக் கேட்டாராம்: "உங்களுக்கே ஒரு சட்டை கூடுதலா எடுத்துட்டு வர மனசு வரல. கூட ஒரு ஆளைச் சேர்த்துக்க எப்படி வரும்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக மகானுக்கு உபதேசம் வரவில்லை. காது சிவக்க, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "யாராவது கூட வந்தா, நம்மகிட்ட இருக்கறது பத்தாதோன்னு பயம். அதான் ஆறு வருஷமா கேக்கல."

அந்த ஒரு வாக்கியத்துக்காக டீச்சர் சம்மதித்தார். கல்யாணமும் நடந்தது.

மகான் திருந்திவிட்டாரா? திருந்தினால் அது என்ன இனம்? இப்போதும் தோளில் அதே ஒற்றைப் பைதான், ரயிலில் அதே உபதேசம்தான். பின்னால் டீச்சர் இழுத்து வரும் இரண்டு பெட்டிகளில் ஒன்றரைப் பெட்டி அவருடைய சட்டைகள்.

சிரிக்கிறீர்கள், நல்லது. போன தடவை நீங்கள் கைவீசிக்கொண்டு ஊருக்குப் போனபோது, உங்கள் துண்டும் மாத்திரையும் யார் பையில் இருந்தன? வீட்டில் கேட்டுப் பார்க்காதீர்கள். சொல்லிவிடுவார்கள்.