ஆகாயத்தில் வந்த இந்துச் சாப்பாடு

எல்லாம் தெரிந்தவள் என்று வீட்டில் ஒருத்திக்குப் பெயர் வந்துவிட்டால், மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். லிங்கநகரில் எங்கள் வீட்டில் அந்தப் பெயர் எனக்கு. கம்பஸில் கணினி படித்தவள், ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் கதைப்பவள். விமானத்தில்தான் ஏறியதில்லை. (அதை ஒரு குறையாக நான் நினைக்கவே இல்லை. யூடியூப் எதற்கு இருக்கிறது?)

கனடாவில் இருந்த செல்வம் மாமா அம்மாவின் ஒரே தம்பி. தன் மகள் தர்ஷினியின் கலியாணத்துக்கு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டிருந்தார். விசா வந்த அன்றே பயண ஏற்பாடு முழுவதையும் நான் கையில் எடுத்துக்கொண்டேன். எந்த இருக்கை, எந்தப் படம், எந்தச் சாப்பாடு எல்லாம் என் தீர்மானம். சாப்பாட்டு வகைகளில் ‘இந்து உணவு’ என்று ஒன்று இருந்தது. நாங்கள் இந்துக்கள். தட்டிவிட்டேன்.

கலியாணத்துக்கு முன்னரே மாமா நெஞ்சுவலியில் போய்விட்டார். கலியாண வீட்டுக்கு எடுத்த விசாவில் செத்த வீட்டுக்குப் புறப்பட்டோம். செய்தி வந்ததிலிருந்து அம்மாவின் வயிற்றில் தேத்தண்ணி தவிர வேறெதுவும் இறங்கவில்லை. சீனி வருத்தக்காரி வேறு. தம்பியின் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை மச்சம் மாமிசம் தொடுவதில்லை என்று ஒரே பிடி. விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில் ஏற்றிவிடும்போது அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பிள்ளை, மற்றதெல்லாம் பிறகு பாப்பம். கொம்மாவை எப்பிடியாவது சாப்பிடப் பண்ணு. வெறும் வயித்தில குளிசை போட்டா விழுந்திடுவா.”

“அப்பா, நான் இந்துச் சாப்பாடெல்லோ சொல்லியிருக்கிறன். மரக்கறிதான். யோசிக்காதேங்கோ.”

இடையில் விமானம் மாறி, நீண்ட பயணத்துக்கு ஏறினோம். ஜன்னலோரம் அம்மா, நடுவில் நான், மற்றப் பக்கம் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிண்ணியாக்காரர், மகளிடம் போகிறவர். எங்கள் ஊரைக் கேட்டதும், “அட, நம்மட ஆக்கள்!” என்று முகம் மலர்ந்தார். எதற்காகப் போகிறோம் என்று கேட்டதும் அந்த மலர்ச்சியை அப்படியே மடித்து வைத்துவிட்டார்.

அம்மாவின் மனதை மாற்ற வேண்டும் என்று முன்னாலிருந்த திரையில் நகைச்சுவைப் படம் ஒன்றைப் போட்டேன்.

“இதை நிப்பாட்டு பிள்ளை. அந்தப் பிளேன் போற படத்தைக் காட்டு.”

கடலுக்கு மேலே ஒரு குட்டி விமானம் நிற்பதுபோலப் போய்க்கொண்டிருக்கும் வரைபடம் அது. தான் பார்க்காவிட்டால் அது நின்றுவிடும் என்பதுபோல அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தா.

“அவன்ர முகத்தைப் பாக்க விடுவாங்கள்தானே?” என்று நடுநடுவே கேட்டா.

“ஓம் அம்மா, உங்களுக்காகத்தானே வைச்சிருக்கினம்.”

கொஞ்ச நேரம் மட்டும் என்று அந்த நகைச்சுவைப் படத்தை என் திரையில் போட்டு, காதில் ஹெட்போனை மாட்டினேன். விசேஷமாகச் சொன்ன சாப்பாடுகள் முதலில் வந்தன. மற்றவர்களுக்கு இன்னும் வரவில்லை என்பதில் எனக்கு அற்பப் பெருமை. அம்மாவின் தட்டில் மூடியிருந்த தாளை உரித்து, “சாப்பிடுங்கோ” என்று கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் படத்துக்குத் திரும்பினேன். அம்மா சாப்பிட்டா. கடைசியில் சாப்பிட்டா! அப்பாவிடம் சொல்ல வேண்டிய வசனத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே, படத்தில் ஒருவன் கிணற்றில் விழுந்ததற்கு வாய்விட்டுச் சிரித்தேன்.

அம்மா தோளில் தட்டினா. ஹெட்போனை ஒரு பக்கம் சற்றுத் தூக்கிக் கேட்டேன். “பிள்ளை, இந்தச் சோயாமீற் நல்லா அவிஞ்சிருக்கு.”

சோயாவில் செய்த பொய் இறைச்சி விமானத்திலுமா? நான் என் தட்டின் மூடியைப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த துண்டில் ‘இந்து உணவு’ என்றும், கீழே சின்ன எழுத்தில் ‘கோழிக்கறி’ என்றும் இருந்தது. (விமானக் கணக்கில் இந்து உணவு என்றால் மாட்டிறைச்சி இல்லை என்பது மட்டும்தானாம். மரக்கறி வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமாம்.) அம்மாவின் காதோடு மெதுவாகத்தான் சொன்னேன் என்று இன்றும் சத்தியம் செய்வேன். காதில் ஹெட்போன் இருந்ததை மறந்துபோனேன்.

“அம்மா! அது கோழி!”

முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. தமிழ் தெரியாதவர்களும் திரும்பினார்கள்.

அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தப்பித்திருப்பேன். கரண்டியை மெதுவாக வைத்தா. “அவனுக்கெண்டு இந்த ஒண்டைக்கூட என்னால ஒழுங்காச் செய்ய ஏலாமப் போச்சே” என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினா. தோள் குலுங்கியது. என் திரையில் அவன் இன்னும் கிணற்றுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தான். நிறுத்தும் பொத்தான் கைக்கு அகப்படவில்லை.

அப்போது கிண்ணியாக்காரர் தன் தட்டை என் முன்னால் வைத்தார். பிரிக்காத தட்டு.

“மகள், இத உம்மாட்டக் குடுங்க. மரக்கறிதான். எறச்சி ஹலாலோ என்னவோ என்டு நான் மரக்கறி சொன்னன்.”

“ஐயோ, வேண்டாம் ஐயா. அப்ப நீங்கள்?”

“என்ட பேக்ல பேரீச்சம்பழம் கிடக்கு.” பிறகு அம்மாவின் பக்கம் குனிந்தார். “தங்கச்சி, தெரியாம நடந்தது குத்தமில்ல. ஆள் மௌத்தான வூட்டுல அடுப்பு மூட்டமாட்டாங்க, பக்கத்து வூட்டுல இருந்துதான் சோறு வரும். உங்கட ஊருலயும் அப்படித்தானே?”

அம்மா தலையசைத்தா.

“இப்ப உங்களுக்குப் பக்கத்து வூடு நான்தான். தின்னுங்க.”

அம்மா அழுதுகொண்டே சாப்பிட்டா. பருப்பையும் சோற்றையும் ஒரு பருக்கை விடாமல். குளிசையும் போட்டா.

கதை இத்தோடு முடிந்திருந்தால் என் மானம் மிஞ்சியிருக்கும். கனடாவில் அந்தப் பெரிய மண்டபத்தில், மாமாவின் பெட்டியைக் கண்டதும் அம்மா ஓடிப்போய் விழுந்து ஒப்பாரி வைத்தா. அங்கே பிறந்த பிள்ளைகள் ஒப்பாரியைக் கேட்டிராதவர்கள். மண்டபமே உறைந்துபோய் நின்றது.

“என்ர தம்பி... கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டனியேடா... செத்த வீட்டுக்கு வந்து நிக்கிறனேடா... வாற வழியில உன்ர மருமகள் எனக்குக் கோழிக்கறி தந்திட்டாளடா ராசா... நானும் சோயாமீற் எண்டு திண்டிட்டனேடா...”

பின்னாலிருந்து ஒரு சத்தம். திரும்பினால் தர்ஷினி, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். தகப்பன் போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மரம்போல் நின்றவளாம். சிரித்துக்கொண்டே வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாக மாறி, நெடுநேரம் நிற்கவே இல்லை.

கனடாச் சொந்தங்களுக்கு என் உண்மையான பெயர் மறந்து சில வருடங்கள் ஆகின்றன. தர்ஷினி போன் எடுத்தால், “மாமி, இந்துச் சாப்பாடு நிக்கிறாவோ?” என்றுதான் கேட்பாள். “ஓம், இஞ்சதான் நிக்கிறா, அவவிட்டயே கேள், என்ன கறி எண்டு” என்பா அம்மா. இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் இரண்டு பக்கமும் சத்தம் இருக்காது. ஆனாலும், ஒருவரும் போனை வைப்பதில்லை.